காந்தல் வாசனை

பிப்ரவரி 4

மச்சான் அவர்களுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் உங்களுக்குத் திக்கென்று இருந்திருக்கும். மூன்று வருஷமாக ஒரு வரிகூட எழுதாதவன் எழுதினால் கெட்ட செய்தியாகத்தான் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கை வீட்டில் இருக்கிறாள். காய்ச்சல் இல்லை. இந்த நிமிஷம் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்வீட்டுப் பூனையைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். நிம்மதியாக ஒரு மூச்சு விட்டுவிட்டு மீதியைப் படியுங்கள்.

டிசம்பர் கடைசியில் காய்ச்சலும் இருமலுமாக ஆரம்பித்தது. நுரையீரலின் ஓரத்தில் சீழ் கட்டியிருந்தது. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். "அண்ணன்கிட்ட சொல்லாதீங்க, கப்பல்லேர்ந்து குதிச்சு நீந்தியே வந்துருவான்" என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். இந்தக் கடிதத்தோடு அந்தச் சத்தியம் போயிற்று. ஆபத்து தாண்டியாயிற்று. ஆனால் உள்ளே மிச்சமிருக்கும் கட்டியை அறுத்து எடுக்க வேண்டும். அதற்கு உடம்பில் தெம்பு வேண்டும். "நாப்பத்திரண்டு கிலோ வரட்டும், நான் கத்தியை எடுக்கிறேன். ஏப்ரல் பத்துக்குள்ள வரலைன்னா மூக்கு வழியா குழாய் விட்டுத்தான் ஊட்டணும்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இன்று காலை எடை முப்பத்தேழு கிலோ நானூறு கிராம்.

அவள் சாப்பிடுவதில்லை. எதை வாயில் வைத்தாலும் சாவியை நக்குகிற மாதிரி இருக்கிறதாம். மருந்து அப்படிச் செய்யும் என்கிறார்கள். நேற்று மத்தியானம் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "அம்மா சாப்பாடு கெடச்சா சாப்பிடுவேன்" என்றாள். என்ன சாப்பாடு என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறாள். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு மாதத்தில் உங்கள் அம்மா போய்விட்டார். அவர் கையால் நான் டீ மட்டும்தான் குடித்திருக்கிறேன்.

அதனால் உங்களைக் கேட்கிறேன். உங்கள் அம்மா என்ன செய்வார், எப்படிச் செய்வார்? எழுதி அனுப்புங்கள். போன் வேண்டாம். இரண்டு அறை வீட்டில் அவள் காதில் விழுந்துவிடும். தவிர, போனில் நாம் கடைசியாகப் பேசியபோது முதலில் துண்டித்தது நீங்களா நானா என்பதே இன்னும் முடிவாகவில்லை.

உங்கள் தங்கையின் கணவன்

பிப்ரவரி 13

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைத் துறைமுகத்தில் ஏஜென்ட் கொண்டுவந்து கொடுத்தார். சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். நல்ல வேளையாக வெங்காயம் நறுக்கும் நேரம். என் கண்ணைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை.

சத்தியத்தை மீறியதற்கு நன்றி. இதை எழுத எனக்குக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதிவிட்டேன். நான் இப்போதே கிளம்பி வர முடியாது. இங்கே இருபத்திரண்டு பேர் வாயைத் திறந்துகொண்டு இருக்கிறார்கள். மாற்றுச் சமையல்காரர் ஏப்ரல் கடைசியில்தான் ஏறுகிறார். கேப்டனிடம் இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். "வீட்டுல உள்ளவங்களுக்கு ஒரு வேளை சோறு போட்டதில்லை, நடுக்கடல்ல ஊருக்கே பொங்கிப் போடுறாரு" என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் உங்கள் வீட்டில் நீங்கள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மறுபடியும் அப்படிச் சொல்ல நான் இடம் வைத்துவிட்டேனோ என்று இருக்கிறது.

ஆனால் அன்றைக்கு நடந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஆறு மணி நேரம் எலும்பைக் கொதிக்கவிட்டு, நுரையை எடுத்து எடுத்து, கண்ணாடி மாதிரி ஒரு சூப் வைத்தேன். ருசிகூடப் பார்க்காமல் தக்காளி சாஸ் பாட்டிலைக் கவிழ்த்தீர்கள். கிண்ணத்தைப் பிடுங்கி சிங்க்கில் கொட்டியது தப்பென்றால், அந்தத் தப்பை நான் இன்னொரு தடவையும் செய்வேன்.

இனி அம்மா சாப்பாடு. என் அம்மாவின் கைப்பக்குவம் இந்தக் கப்பல் முழுக்கப் பிரசித்தம். அதைச் சொல்லித்தான் நான் வேலைக்கே சேர்ந்தேன். அம்மாவின் பருப்புக் கஞ்சியை எழுதுகிறேன், அப்படியே செய்யுங்கள். ஒரு கை அரிசி, அரைக் கை பருப்பு. இரண்டையும் வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுக்க வேண்டும். பெரிய வெங்காயம் இரண்டை நூல் மாதிரி நறுக்கி, வெண்ணெயில், சின்னத் தீயில், தேன் நிறம் வரும்வரை வதக்க வேண்டும். அவசரப்படக் கூடாது. பூண்டைத் தோலோடு சுட்டு, நசுக்கிச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் நிறையத் தண்ணீரில் குழைய வேகவைத்து, தேவையான அளவு உப்புப் போட்டு, இளஞ்சூட்டில் கொடுங்கள். வாலு கிண்ணத்தை வழித்து நக்குவாள்.

வாலு என்று நான் கூப்பிட்டதாகச் சொல்லாதீர்கள். எனக்கு விஷயம் தெரியும் என்று தெரிந்தால் அவளுக்கு அதுவேறு கவலை.

உங்கள் மைத்துனன்

பிப்ரவரி 24

மச்சான் அவர்களுக்கு,

செய்தேன். நான் லிஃப்ட் மெக்கானிக். எழுதிக் கொடுத்ததை எழுதியபடி செய்வதுதான் என் பிழைப்பு. பராமரிப்பு நோட்டில் குறித்துக்கொண்டே செய்தேன். அரிசி பருப்பு வறுக்க ஒன்பது நிமிஷம். வெங்காயம் தேன் நிறத்துக்கு வர முப்பத்தெட்டு நிமிஷம். எந்தத் தேன் என்று நீங்கள் எழுதாததால் கடைக்குப் போய் ஒரு பாட்டில் வாங்கிவந்து பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். அப்புறம் அந்த 'தேவையான அளவு உப்பு'. மச்சான், லிஃப்ட் கம்பெனிக்காரன் 'தேவையான அளவு கயிறு' என்று எழுதினால் நாட்டில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

கஞ்சி அருமையாக வந்தது. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் எதிர்வீட்டம்மா கதவைத் தட்டி என்ன வாசனை என்று கேட்டார். உங்கள் தங்கை ஒரு வாய் எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். நான் நோட்டும் பேனாவுமாக நின்றேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அம்மா செய்யறது இல்ல" என்றாள். நாலு ஸ்பூனோடு சரி. மீதியை மூன்று வேளை நான் சாப்பிட்டேன். ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறது, எனக்கு. அவள் முப்பத்தேழு எண்ணூறு.

அந்த நானூறு கிராம் எங்கிருந்து வந்தது என்று சொன்னால் நீங்கள் கடிதத்தைக் கிழிக்கக்கூடும். பாக்கெட் நூடுல்ஸ். நான் எனக்காகப் போட்டு வைத்திருந்த கிண்ணத்திலிருந்து அவளாகவே மூன்று வாய் எடுத்தாள். மறுநாளும் எடுத்தாள்.

உங்களுக்கு அது சாப்பாடே இல்லை. எனக்கு அது பன்னிரண்டாவது மாடி. நான் லிஃப்ட் பார்க்கும் ஒரு கட்டிடத்தின் உச்சியில், மோட்டார் இருக்கும் அறையில்தான் வாரத்தில் மூன்று நாள் என் மத்தியானச் சாப்பாடு. கையில் கிரீஸ் போக மரத்தூளைத் தேய்த்துக் கழுவுவேன். கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும். காகிதக் கோப்பையில் ஊற்றி, மூடி திறந்துகொள்ளாமல் இருக்க மேலே ஒரு பதினேழாம் நம்பர் ஸ்பானரை வைப்பேன். மூன்று நிமிஷம் காத்திருக்க வேண்டும். அந்த மூன்று நிமிஷத்தில் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் ஆவி இருக்கிறதே, அந்தச் சுகத்துக்காகவே பன்னிரண்டு மாடி ஏறலாம். லிஃப்ட் ரிப்பேர் என்பதால் ஏறித்தான் ஆக வேண்டும்.

சாஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் தொழில் படித்த விடுதியில் திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரே ருசி, அதாவது ருசியே கிடையாது. ஆளுக்கொரு சாஸ் பாட்டில் வைத்திருப்போம், பேர் ஒட்டி. அதை ஊற்றினால்தான் அது என் தட்டு என்று தோன்றும். அன்றைக்கு உங்கள் சூப்பை அவமதிக்க நினைக்கவில்லை. மச்சான் முதல் தடவையாக வீட்டுக்கு வந்து சமைக்கிறாரே என்று பயமாக இருந்தது. பயத்தில் கை பழகிய பாட்டிலைத் தேடிக்கொண்டது.

வேறு ஏதாவது செய்முறை இருந்தால் அனுப்புங்கள். நாள் போய்க்கொண்டிருக்கிறது.

உங்கள் தங்கையின் கணவன்

மார்ச் 6

மாப்பிள்ளைக்கு,

பாக்கெட் நூடுல்ஸ்! இருபத்தொரு வருஷம் அடுப்படியில் நின்றவனின் தங்கை காகிதக் கோப்பையிலிருந்து சாப்பிடுகிறாள். பரவாயில்லை. நானூறு கிராம் நானூறு கிராம்தான். தினமும் ஒரு முட்டையை அதில் உடைத்து ஊற்றுங்கள். இப்படி ஒரு வரியை என் கை எழுதும் என்று நான் நினைத்ததில்லை.

கஞ்சி அம்மா செய்கிற மாதிரி இல்லையென்றால் தப்பு செய்முறையில் இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தேனை வாங்கிவந்து ஒப்பிட்டவரைப் பற்றி நான் வேறென்ன சொல்ல? வெங்காயத்தை நடுவில் கிளறினீர்களா? அவள் நாக்கும் மருந்தில் கெட்டுப்போயிருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று எழுதுகிறேன். அம்மாவின் கோழி சூப். கோழி எலும்பை முதலில் ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மறுபடி புதுத் தண்ணீர், இஞ்சி ஒரு துண்டு, மிளகு பத்து. மூன்று மணி நேரம், மேலே ஒரு குமிழி மட்டும் வருகிற மாதிரியான தீ. உப்பு, உங்கள் ஸ்பானர் பிடிக்கும் மூன்று விரலில் வருகிற அளவு, இரண்டு தடவை. இப்போது அளவு போதுமா? கூடவே கொஞ்சம் வெள்ளைச் சோறு வடித்து, குழைத்துக் கொடுங்கள்.

சாஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அம்மா சமையலைப் பற்றி வாலு உங்களிடம் வேறு ஏதாவது சொன்னாளா?

உங்கள் மைத்துனன்

மார்ச் 15

மச்சான்,

சாப்பிட்டுவிட்டாள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டாள். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முந்தாநாள் எனக்கு விடுமுறை. காலையிலேயே உங்கள் கோழி சூப்பை ஆரம்பித்துவிட்டேன். ஒரே ஒரு குமிழி, மூன்று மணி நேரம், எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து அடுப்பில் சோறு. பெரிய பாத்திரம் சூப்புக்குப் போய்விட்டதால், பரண் மேலிருந்த பழைய அலுமினியப் பாத்திரத்தை எடுத்து அரிசியை ஏற்றினேன். அப்போது போன் வந்தது. ஒரு குடியிருப்பில் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே காய்கறிப் பையோடு ஒரு ரிட்டயர்டு டீச்சர். என் ஆட்கள் போய்ச் சேர அரை மணி ஆகும். அதுவரை நான்தான் பேச வேண்டும். "காத்து வரும்மா, பயப்படாதீங்க. கதவைத் தள்ளாதீங்க. பையில என்ன வாங்கினீங்க, சொல்லுங்க." அவர் வரிசையாகச் சொன்னார். உருளைக்கிழங்கு, கேரட், ஒரு கட்டுக் கீரை. கீரையை எப்படிச் சமைப்பீர்கள் என்று கேட்டேன். நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். அவர் குரல் நடுக்கம் நின்றது. கதவைத் திறந்து அவரை வெளியே எடுத்துவிட்டோம் என்று ஆட்கள் சொன்ன பிறகுதான் போனை வைத்தேன். அப்போதுதான் என் மூக்கு வேலை செய்தது.

சமையலறை முழுக்கத் தீய்ந்த வாசனை. ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். சோறு அடிப்பிடித்துவிட்டது. மேலே வெள்ளை, அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கருஞ்சிவப்பு. ஊறட்டும் என்று பாத்திரத்தைக் குழாயடிக்குக் கொண்டுபோனேன். பின்னாலிருந்து ஒரு கத்தல்.

"தண்ணி ஊத்தாதீங்க!"

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டரை மாதத்தில் யாரும் கூப்பிடாமல் சமையலறைக்கு அவள் நடந்து வந்தது அதுதான் முதல் தடவை. பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். தட்டைக் கரண்டியால் அடியைச் சுரண்டினாள். பெரிய ஓடாக ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. மேலே கொஞ்சம் உப்பைத் தூவிக் கடித்தாள். கறுக் கறுக் என்று சத்தம். "இதான்" என்றாள். "இதான் அம்மா சாப்பாடு. காந்தல். சாவி ருசியே தெரியலைங்க." மென்றுகொண்டே அழுதாள். நானும் அழுதேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்புறம் மேல்சோற்றையும் போடச் சொல்லி, உங்கள் சூப்பை ஊற்றிக் குடித்தாள். உங்கள் சூப்பும் நன்றாக இருந்தது என்பதை நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

சாப்பிட்டு முடிந்ததும் கேட்டேன். "வாசனை பத்து நிமிஷம் முன்னாடியே உனக்கு வந்திருக்குமே, ஒரு குரல் கொடுத்திருக்கலாம்ல?"

"வந்துச்சு. சொல்லுவேனா?" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பானது.

வேறு வழியில்லாமல் நம் கடிதங்களைக் காட்டினேன். சத்தியத்தை மீறியதற்குத் திட்டினாள். உங்கள் இரண்டு செய்முறைகளையும் படித்தாள். படித்துவிட்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மாவுக்கு இவ்வளவு நல்லா சமைக்க வராதுங்க. தேன் நிறமா? அம்மா சமைச்சா ரெண்டே நிறம்தான். வெள்ளை, கறுப்பு."

மச்சான், எனக்கு ஒரு விளக்கம் வேண்டும்.

மாப்பிள்ளை

மார்ச் 25

மாப்பிள்ளை,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை, அவள் சாப்பிட்டாள் என்பதற்காக. இரண்டாம் தடவையும் அதற்காகத்தான். மூன்றாம் தடவை கடைசி வரிக்கு வந்து, அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். அவள் சொன்னது நிஜம். எங்கள் அம்மாவுக்குச் சமைக்க வராது. நான் எழுதிய கஞ்சியும் சூப்பும் என்னுடையவை, கப்பலில் நானாகக் கண்டுபிடித்தவை. அம்மா வீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சீருடை தைப்பாள். அரிசியை அடுப்பில் ஏற்றிவிட்டு மெஷினில் உட்காருவாள். ஒரு காலர் முடிந்ததும் எழுந்திருக்கலாம் என்று நினைப்பாள். காலர் முடிந்ததும் கை வந்துவிடும், கை முடிந்தால் பை. எங்கள் வீட்டில் சோறு அடிப்பிடிக்காத நாளை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். கதவுக்குப் பின்னால் நானும் வாலுவும் உட்கார்ந்திருப்போம். தீயும் வாசனை முதலில் எங்களுக்குத்தான் வரும். அவள் என் கையை இறுக்கிப் பிடித்து, "சொல்லாதே" என்பாள். சொன்னால் காந்தல் கிடைக்காதே. அப்புறம் அம்மா தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்து சுரண்டித் தருவாள். பெரிய துண்டு யாருக்கு என்று எங்களுக்குள் அடிதடி நடக்கும். நான் மூத்தவன், எப்போதும் நான்தான் பிடுங்கிக்கொள்வேன்.

முதல் கப்பலில் ஏறியபோது, "யார்கிட்ட சமையல் கத்துக்கிட்டே?" என்று கேட்டார்கள். "எங்கம்மாகிட்ட" என்றேன். என் அம்மா சோற்றைத் தீய்ப்பாள் என்று அங்கே சொல்ல நாக்கு எழவில்லை. அன்றிலிருந்து ஒரு நல்ல ருசி கைக்கு வந்தால் அதை அம்மா பேரில் எழுதி வைத்தேன். அம்மா போனபோது நான் நடுக்கடலில் இருந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பொய்யை விடவே முடியவில்லை. வேறென்ன செய்திருக்கிறேன் அவளுக்கு? நீங்கள் அன்றைக்குச் சொன்ன வார்த்தை அந்த இடத்தில்தான் பட்டது. சூப்பைக் கொட்டியது சாஸுக்காக என்று உங்களிடம் சொன்னேன், அந்த வார்த்தைக்காகத்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். உங்கள் வார்த்தை முதலில் வந்ததா, நான் கொட்டியது முதலில் வந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். நான் கொட்டியதுதான் முதலில். மன்னித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுச் சோற்றைப் பற்றிப் பேசுகிறவன் இங்கே என்ன சாப்பிடுகிறான் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். இருபத்திரண்டு பேருக்கும் பரிமாறி முடித்ததும் எனக்குச் சமைத்ததைத் தொடவே பிடிக்காது. சாமான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, டப்பா மீனைத் திறந்து, டப்பாவிலிருந்தே ரொட்டியால் வழித்து, நின்றுகொண்டு சாப்பிடுவேன். எண்ணெயில் ரொட்டி ஊறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு தனிச் சந்தோஷம். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் பன்னிரண்டாவது மாடியைப் படித்ததும் சொல்லலாம் என்று தோன்றியது.

இப்போது முக்கியமான விஷயம். வாலுவுக்குக் காந்தல் எப்படிச் செய்வது என்று எழுதி அனுப்பலாம் என்று இங்கே செய்து பார்த்தேன். எனக்கு வரவில்லை. முதல் தடவை கரியாகிவிட்டது. இருபத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக என் சமையலறையில் புகை மணி அடித்தது, கேப்டன் தீயணைப்புக் குழாயோடு வந்துவிட்டார். இரண்டாம் தடவை என் கை தானாகப் போய்த் தீயைக் குறைத்துவிட்டது. அடிப்பிடிக்கவிடாமல் காப்பது என் உடம்பில் ஊறிப்போயிருக்கிறது. நீங்கள் எப்படிச் செய்தீர்கள்? என்ன பாத்திரம், எவ்வளவு தீ, எத்தனை நிமிஷம்? உடனே எழுதுங்கள். 'தேவையான அளவு' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

மச்சான்

ஏப்ரல் 19

அன்புள்ள மச்சான்,

முதலில் செய்தி. ஆபரேஷன் பதினொன்றாம் தேதி நடந்தது. நன்றாக நடந்தது. கட்டி முழுக்க வந்துவிட்டது, இனி பயமில்லை என்று டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். நாலு நாளாக வீட்டில் இருக்கிறாள். ஏஜென்ட் அலுவலகம் மூலம் நான் அனுப்பிய இரண்டு வரித் தந்தி மாதிரியான செய்தி உங்களுக்குக் கிடைத்திருக்கும். இது அதன் விரிவு.

ஒன்பதாம் தேதி கடைசியாக எடை பார்த்தார்கள். காந்தலில் ஆரம்பித்த வாய் அப்புறம் மூடவே இல்லை. முட்டை உடைத்து ஊற்றிய நூடுல்ஸ், பேக்கரியில் சூடாக வரும் பன்னில் வெண்ணெய், உங்கள் கஞ்சி, உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டைக் கடைசியில் அண்ணாந்து வாயில் கொட்டிக்கொள்ளும் தூள், எல்லாம் உள்ளே போயிற்று. இருந்தாலும் அன்று காலை எனக்கு நம்பிக்கை இல்லை. அவள் சட்டைப் பையில் ஒரு ஸ்பானரைப் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். நர்ஸ் செருப்பையே கழற்றச் சொல்லிவிட்டார். முள் ஆடி ஆடி நின்றது. நாற்பத்திரண்டு கிலோ நூறு கிராம். பக்கத்தில் நின்றிருந்த யாரோ ஒரு மனிதரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவர் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி என்று பிற்பாடு தெரிந்தது.

மயக்கம் தெளிந்ததும் நர்ஸிடம், "காந்தல் இருக்குமா?" என்று கேட்டிருக்கிறாள். கேன்டீனில் சோறு தீய்ந்துவிட்டதா என்று கேட்கிறாள் என நினைத்து, "எங்க கேன்டீன்ல அப்படியெல்லாம் ஆகாதும்மா" என்று நர்ஸ் ரோஷத்தோடு சொன்னாராம்.

நீங்கள் கேட்ட செய்முறை. பதினொரு தடவை செய்து பார்த்துச் சரிசெய்தது. மெல்லிய அலுமினியப் பாத்திரம், உங்கள் கனமான கப்பல் பாத்திரம் உதவாது. இரண்டு டம்ளர் அரிசி, தண்ணீர் வற்றும்வரை மூடி வைத்து. வற்றியதும் நடுத்தரத் தீ, பன்னிரண்டு நிமிஷம். ஏழாவது நிமிஷத்தில் பயம் வரும். வந்தால் சமையலறையை விட்டு வெளியே போய் யாரிடமாவது போனில் பேச வேண்டும். இது மிக முக்கியம், இதை விட்டால் வராது. உங்களிடம் இருக்கும் குறை அதுதான், அடுப்பை விட்டு நகர மாட்டீர்கள்.

இன்னொன்று. இதை மூன்று வருஷத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும், கோபத்தில் வைத்துக்கொண்டேன். உங்கள் அம்மா எனக்கு டீ போட்டுக் கொடுத்த அன்று அதுவும் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. துடைத்துக்கொண்டே சிரித்தார். "என் கை அப்படி, மாப்பிள்ளை. என் பையன் அப்படியில்லை. கப்பல்ல அத்தனை பேருக்குப் பொங்குறான், ஒரு நாள்கூட அடிப்பிடிச்சதில்லையாம்" என்றார். நீங்கள் எப்போது வருவீர்கள் என்று நான் கேட்டேன். "வந்தா இங்க யாருக்கு சமைக்கப் போறான்? அங்க பசியோட இருக்காங்கல்ல" என்று சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னார். இது தெரிந்திருந்தும் அன்றைக்கு அந்த வார்த்தையை உங்கள்மேல் வீசினேன். நீங்களும் மன்னிக்க வேண்டும்.

அன்புடன்
மாப்பிள்ளை

ஏப்ரல் 28

அன்புள்ள மாப்பிள்ளை,

மாற்றுச் சமையல்காரர் நேற்று ஏறிவிட்டார். சாவிகளை ஒப்படைத்துவிட்டேன். மே ஆறாம் தேதி மத்தியானம் உங்கள் வீட்டு வாசலில் இருப்பேன். உங்கள் கட்டிடத்து லிஃப்டாவது வேலை செய்யும் என்று நம்புகிறேன், பெட்டி கனம்.

அம்மா சொன்னதாக நீங்கள் எழுதியதை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது. நேரில் பேசிக்கொள்ளலாம், இனி நாம் நேரில் பேசலாம் என்றே நினைக்கிறேன். கடைசியாக ஒரு சமையல் செய்துவிட்டுத்தான் இறங்கினேன். உங்கள் செய்முறைப்படி, ஏழாவது நிமிஷத்தில் வெளியே போய்க் கேப்டனிடம் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். வந்துவிட்டது, மாப்பிள்ளை. இருபத்திரண்டு பேரும் அடியைச் சுரண்ட வரிசையில் நின்றார்கள். "இது யார் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார்கள். "எங்கம்மா" என்றேன். இருபத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அது பொய் இல்லை.

வருகிற அன்று நான் சமைக்கப் போவதில்லை. என் தங்கை வீட்டில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். சாஸ் பாட்டிலை மேஜைமேல் எடுத்து வையுங்கள், மறைக்க வேண்டாம். டப்பா மீன் நாலு கொண்டுவருகிறேன். அதன்மேல் சாஸ் ஊற்றினால் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

சோறு மட்டும் நீங்கள் வையுங்கள். அந்தப் பழைய அலுமினியப் பாத்திரத்தில். பெரிய துண்டு வாலுவுக்கு, அதை இப்போதே எழுத்தில் கொடுத்துவிடுகிறேன். அரிசியை ஏற்றிவிட்டு நீங்கள் யாருக்காவது போன் செய்யப் போய்விடுங்கள். நாங்கள் இருவரும் அடுத்த அறையில்தான் இருப்போம். தீயும் வாசனை முதலில் எங்களுக்குத்தான் வரும்.

சொல்ல மாட்டோம்.

மச்சான்